நிக்கையிலயா, ஓடயிலயா?

மே மாதம், மதியம் இரண்டு மணி. நெல்லை வண்ணார்பேட்டை சிக்னலில் நிற்கிறேன். வாங்கி மூன்று வாரம்கூட ஆகாத பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம், இஞ்சின் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நின்ற ஹீட் மீட்டர் முள் மெல்ல எழுந்து சிவப்புக் கோட்டை நோக்கி நகர்ந்தது. பச்சை விழுந்து, ஊரைத் தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறி இரண்டு கிலோமீட்டர் போனதும் தானாகவே பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது.

மறுநாள் பாளையங்கோட்டையில் மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் எதையும் திறக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நிக்கையில ஏறுதா தம்பி, ஓடயில ஏறுதா?"

"நிக்கையிலதான் அண்ணாச்சி."

"அப்பொ தண்ணியில கோளாறு இருக்காது. காத்துலதான் இருக்கும்."

பழைய கார் வைத்திருப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இந்தக் கேள்வியைத்தான் என்று நினைக்கிறேன். சூடானால் தண்ணீர் ஊற்றுவது, அடுத்து தெர்மோஸ்டாட்டை (சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் வால்வு) கழற்றி எறிவது என்று ஆரம்பித்தால் செலவுதான் ஏறும், கோளாறு அப்படியே இருக்கும். முள் எவ்வளவு ஏறியது என்பதைவிட எப்போது ஏறியது என்பதில்தான் விடை இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள இயற்பியல் அழகானது.

பெட்ரோலில் உள்ள ஆற்றலில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி சைலன்சர் வழியே புகையோடு போகிறது. இன்னொரு பெரும்பகுதி இஞ்சின் சுவரில் ஏறுகிறது. எரியும் வாயு உச்சத்தில் 2000 டிகிரியைத் தாண்டும். சுற்றியிருக்கும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். சுவருக்குப் பின்னால் கூலன்ட், அதாவது சூட்டைச் சுமந்து போகும் திரவம், ஓடிக்கொண்டே இருப்பதால்தான் இஞ்சின் தப்புகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் சீராகப் போகும் கார் ஏறத்தாழ 20 கிலோவாட் வெப்பத்தைக் கூலன்டில் கொட்டுகிறது. வீட்டுக் கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் 2 கிலோவாட் அளவு. பத்துப் பர்னரை முழுசாகத் திறந்துவிட்ட சூட்டை ரேடியேட்டர் இடைவிடாமல் காற்றில் இறக்கி வைக்க வேண்டும்.

அது எவ்வளவு இறக்கும் என்பது கூலன்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரி, வெளியே 20 டிகிரி என்றால் வித்தியாசம் 75. நம்மூர் கத்திரி வெயிலில் 40 டிகிரி என்றால் 55தான். அதே ரேடியேட்டர், அதே காற்றோட்டம், ஆனால் இறக்கும் சூடு கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. ஏசி போட்டால் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கன்டென்சர் (ஏசியின் சூட்டை வெளியேற்றும் பகுதி) காற்றை மேலும் சூடாக்கித்தான் அனுப்பும். அது 50 டிகிரி ஆகிவிட்டால் வித்தியாசம் 45. மலைக்குளிர் ஊரில் வெளியே தெரியாமல் இருக்கும் சின்ன அடைப்பு நெல்லையில் உடனே தெரிந்துவிடும்.

இனி அண்ணாச்சியின் கேள்வி. வண்டி ஓடும்போது காற்று தானாக மோதுகிறது, விசிறிக்கு வேலை இல்லை. நிற்கும்போது காற்றை இழுத்துத் தருவது விசிறி மட்டும்தான். நிற்கையில் ஏறி, ஓடும்போது இறங்கினால் கூலன்ட் சரியாகச் சுற்றுகிறது, பம்பு நன்றாக இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஆகவே காற்றைத் தேட வேண்டும். நேர்மாறாக, நான்குவழிச் சாலையில் நாங்குநேரி நோக்கி விரட்டும்போது ஏறுகிறது, ஊருக்குள் ஊர்ந்தால் இறங்குகிறது என்றால் சூடு உண்டாகும் வேகத்துக்குக் கூலன்ட் ஈடுகொடுக்கவில்லை. ரேடியேட்டர் குழாய்க்குள் படிவு, தேய்ந்த பம்பு, பாதி திறந்து சிக்கிய தெர்மோஸ்டாட் என்று உள்ளே தேட வேண்டும்.

என் காரில் ஏசியைப் போட்டுவிட்டு அண்ணாச்சி முன்பக்கம் குனிந்து, பம்பரின் இரண்டு ஓரத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இஞ்சின் பின்னால் இருந்தாலும் ரேடியேட்டர் இரண்டும் முன்னால், பம்பரின் இரு மூலையிலும் தரையை ஒட்டி இருக்கின்றன. இடது பக்கம் காற்று இழுத்தது. வலது பக்கம் ஒன்றும் இல்லை. விசிறி மோட்டார் கெட்டிருக்கவில்லை. அது இரண்டு வேகத்தில் சுற்றும். மெதுவேகத்துக்கு மின்சாரம் அதைக் குறைத்துத் தரும் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. அந்த ரெசிஸ்டர் எரிந்துபோயிருந்தது. அதனால் சூடு எல்லை தாண்டி முழுவேகத்துக்கு அழைப்பு வரும்வரை வலது விசிறி சும்மா நின்றிருக்கிறது.

பம்பரைக் கழற்றியதும் இன்னொன்று தெரிந்தது. கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி. அதில் வேப்பிலைக் காம்பு, நெல் உமி, தட்டான் சிறகு, ரோட்டில் காயப்போட்ட வைக்கோலின் தூசி எல்லாம் மழையில் ஊறி வெயிலில் காய்ந்து கம்பளித் துண்டு போல ஒட்டியிருந்தன. கையில் எடுத்தால் அப்படியே அச்சாக வந்தது, ரேடியேட்டர் தகட்டின் வரிகள் அதில் பதிந்திருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் கன்டென்சர் மட்டும்தான் தெரியும், அது சுத்தமாகவே இருக்கும். வாட்டர் சர்வீஸ் கன்னை வைத்து அடிக்காதீர்கள். காகிதம் போல மெல்லிய தகடுகள் மடங்கி, காற்று போகும் வழியை நாமே அடைத்துவிடுவோம். மென்மையான பிரஷ், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவான தண்ணீர், அவ்வளவு போதும். பிசான நெல் அறுவடை முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிறேன்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தப்பு இதுதான். போர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்குமே, அதே கால்சியம் கார்பனேட்தான் இஞ்சினுக்குள்ளும் படியும். சூடு ஏறும் இடத்தில்தான் முதலில் படியும், அதாவது எங்கே கூடாதோ அங்கே. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அது வெப்பத்தைக் கடத்துவது நூறில் ஒரு பங்கு அளவுதான். தாமிரபரணித் தண்ணீர் பரவாயில்லை என்றாலும் காருக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். தண்ணீர் மட்டும் ஊற்றினால் சூட்டை நன்றாகவே சுமக்கும், ஆனால் சீக்கிரம் கொதிக்கும், உலோகத்தை அரிக்கும். கடையில் கூலன்ட் என்று விற்கும் கிளைகால் சரிபாதி சேர்த்தால் கொதிநிலை 107 டிகிரியை ஒட்டி உயரும், அரிப்பைத் தடுக்கும் மருந்தும் கூடவே வரும். பச்சை, சிவப்பு என்று நிறம் பார்த்து வாங்காதீர்கள். கையேட்டில் உள்ள தர எண்ணைப் பாருங்கள். ஒத்துவராத இரண்டு வகையைக் கலந்தால் கூழாகிவிடும்.

கூலன்ட் ஊற்றும் இடத்தின் மூடியும் இதில் பங்காளிதான். குக்கரில் கேஸ்கட் போனால் விசில் வராது, பருப்பு வேகாது. வெளிக்காற்றைப்போல் இருமடங்கு அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும் என்பதால்தான் குக்கர் சீக்கிரம் வேகவைக்கிறது. கார் மூடியும் அதே கணக்கில் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. மூடியின் ரப்பர் காய்ந்துவிட்டால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் முன்னதாகவே கொதிக்கும். சூடான இஞ்சினில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழுந்து, 110 டிகிரியில் இருக்கும் தண்ணீர் அந்த நொடியே கொதித்துப் பொங்கி, ஆவியோடு முகத்தில் அடிக்கும். கொதித்து நின்றால் ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்து, முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். பச்சைத் தண்ணீரைச் சூடான இஞ்சினில் ஊற்றாதீர்கள், இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் விரிசல் விடலாம். முள் ஏற ஆரம்பிக்கும்போதே ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திறந்தால், அது ஒரு சின்ன ரேடியேட்டராக வேலை செய்யும். கண்ணாடியை இறக்கிவிட்டு வேர்வையோடு ஓட்டலாம், இஞ்சின் பிழைக்கும்.

பல கார்களில் மீட்டர் முள் உண்மையைச் சொல்வதில்லை. 80லிருந்து 100 டிகிரி தாண்டியும் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருப்பார்கள். அது நகர ஆரம்பிக்கும்போது தாமதமாகிவிட்டிருக்கும். ஓபிடி சாக்கெட்டில் (காரின் கோளாறு அறியும் இணைப்பு) செருகும் சின்னக் கருவி போனில் சரியான டிகிரியைக் காட்டும். ரெசிஸ்டர் மாற்றிய பிறகு என் கார் நிற்கையில் 100 வரை போய், விசிறி சுற்றியதும் 94க்கு வருகிறது.

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் காலையில் போங்கள், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியின் ரேடியேட்டர் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். தளர்வாக இருக்க வேண்டும். குளிர்ந்த நிலையிலும் கல்லாக விறைத்திருந்தால் சிலிண்டர் வாயு கூலன்டுக்குள் புகுந்திருக்கலாம், ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஆயில் மூடியின் அடியில் மோர் நுரை போல இருந்தால் இன்னும் சந்தேகம். நீங்கள் போகும்போது இஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால், விலை பேசாமல் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.