பீரோ ஜன்னல் பக்கத்துல இருக்கா? சைபர் தாக்குதல முன்கூட்டியே கணிக்கிற கணக்கு

அம்பத்தூர் எஸ்டேட்ல தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் பட்டறை வச்சிருக்காரு. கார் கம்பெனிக்கு பார்ட்ஸ் கடைஞ்சு குடுக்குறாங்க, முப்பது பேரு வேலை பாக்குறாங்க, ஆபீஸ் ரூம் மூலைல டேலிங்கிற கணக்கு சாஃப்ட்வேர் ஓடுற சர்வர் ஒண்ணு, அதுமேல ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனப் பொட்டு இன்னும் அழியல. நான் பெருங்குடில நைட் ஷிப்ட்ல உக்காந்து செக்யூரிட்டி அலர்ட் பாக்குற ஆளுன்னு அவருக்குத் தெரியும். தீபாவளி முடிஞ்சு ஒரு நாள் அங்க போனப்ப டீ வாங்கிக் குடுத்துட்டு கேட்டாரு, "ஏன் தம்பி, எங்கள எவன் வந்து ஹேக் பண்ணப் போறான்? நாங்க என்ன பேங்கா?"

சிரிச்சுட்டு விட்டுட்டேன், ஆனா திரும்பி வர்றப்ப ட்ரெயின்ல யோசிச்சா, எங்க துறையே மண்டைய உடைச்சுக்குற கேள்வி இதுதான். ஒரு கம்பெனிக்கு என்ன மாதிரி தாக்குதல் வரும், எவ்ளோ வாய்ப்பு, எப்போ, இத முன்னாடியே சொல்ல முடியுமா?

முடியும். ஆனா அண்ணன் கேட்ட "எவன்" மட்டும் தப்பான இடத்துல ஆரம்பிக்குது.

சென்னைல பீரோ புல்லிங்னு ஒரு திருட்டு நியூஸ்ல அடிபட்டுச்சே ஞாபகம் இருக்கா, வெயில் காலத்துல புழுக்கத்துக்கு ஜன்னல தொறந்து வச்சுட்டு தூங்குவாங்க, இவனுங்க வெளிய நின்னே பீரோவ ஜன்னல் பக்கம் இழுத்து நகைய எடுத்துட்டுப் போயிடுவானுங்க. திருடன் பேரு தெரியாது, ஊரு தெரியாது. ஆனாலும் ஒரு தெருவுல எந்த வீட்டுக்கு ஆபத்துன்னு நான் சொல்லிடுவேன்: தரைத்தளம், ஜன்னல் தொறந்திருக்கு, பீரோ ஜன்னல ஒட்டி நிக்குது. அவ்ளோதான். ஆள விட்டுட்டு வழிமுறைய புடிக்கணும். சைபர்லயும் இதேதான், மைட்டர்னு ஒரு அமெரிக்க நிறுவனம் 2013-ல இந்த வழிமுறைங்கள எல்லாம் வகை பிரிச்சு எழுத ஆரம்பிச்சு 2015-ல பொதுவா எல்லாருக்கும் தொறந்து விட்டுச்சு, முதல்ல எப்படி உள்ள வர்றான், வந்தப்புறம் பாஸ்வேர்ட எப்படித் திருடுறான், எப்படி அடுத்த மெஷினுக்குத் தாவுறான்னு வரிசையா இருக்கும். உலகம் பூரா இருக்குற பீரோ புல்லிங் டைப்புக்கெல்லாம் ஒரு அட்டவணைன்னு வச்சுக்கங்களேன்.

அண்ணன் பட்டறைல பீரோ எங்க நிக்குதுன்னு பாத்தேன். கணக்கு எழுதுற அக்கா ஆவடில இருந்து வீட்டுலயே டேலி பாக்கணும்னு எவரோ வந்து தூரத்துல இருந்து கம்ப்யூட்டர இயக்குற ரிமோட் டெஸ்க்டாப்ப நேரா இன்டர்நெட்டுக்கு தொறந்து விட்டுட்டுப் போயிருக்காரு. போர்ட் 3389, போர்ட்னா கம்ப்யூட்டருக்குள்ள போற கதவு நம்பர்னு வச்சுக்கங்க. ஃபைல பூட்டி வச்சுட்டு பணம் கேக்குற ரேன்சம்வேர் போடுறவனுங்களுக்கு ரொம்பப் புடிச்ச கதவுகள்ல இது ஒண்ணு. யார் யார் உள்ள வரப் பாத்தாங்கன்னு பதிவாகுற லாக் ஃபைல தொறந்து காட்டுனேன், தப்பான பாஸ்வேர்ட் போட்டுப் பாத்த முயற்சிங்க ஸ்க்ரோல் பண்ணப் பண்ண வந்துக்கிட்டே இருக்கு, அண்ணன் கண்ணாடிய கழட்டித் துடைச்சு மறுபடி போட்டுப் பாத்தாரு. "இவ்ளோ பேருக்கு என் பட்டறை தெரியுமா தம்பி?"

தெரியாதுண்ணே, அதுதான் விஷயமே. பழைய முறை இன்டர்நெட் முகவரிங்க மொத்தம் சுமார் 429 கோடி. 2013-ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ஜீமேப்னு ஒரு டூல் பண்ணாங்க, நல்ல ஸ்பீடு இருக்குற ஒரே ஒரு கம்ப்யூட்டர்லேருந்து அத்தன முகவரிலயும் ஒரு போர்ட் தொறந்திருக்கான்னு 45 நிமிஷத்துக்குள்ள தட்டிப் பாத்துடலாம். அவங்க ஆராய்ச்சிக்குப் பண்ணாங்க, ஆனா தட்டிப் பாக்குற செலவு அவ்ளோ கம்மின்னா யாரும் உங்களத் தேர்ந்தெடுக்கவே வேணாம், எல்லார் வீட்டுக் கதவையும் தள்ளிப் பாப்பான், எது தொறக்குதோ அது பட்டறையா பேங்கான்னு அப்புறம் பாத்துக்கலாம். அதனால கணிப்புல முதல் கேள்வி "என்மேல யாருக்குக் கோவம்"ங்கிறது இல்ல, "வெளிய இருந்து பாத்தா நான் எப்படித் தெரியுறேன்".

இத அளந்தே பாத்துருக்காங்க. அதே மிச்சிகன்ல 2015-ல ஒரு ஆய்வு, கம்பெனி உள்ள காலடியே வைக்காம வெளிய இருந்து தெரியுற 258 விஷயங்கள மட்டும் எடுத்தாங்க. வெப்சைட் நிஜந்தான்னு காட்டுற செர்டிபிகேட் ஒழுங்கா இருக்கா, மெயில் சர்வர் யார் வேணா உபயோகிக்கிற மாதிரி தொறந்து கெடக்கா, வெப்சைட் பேர முகவரியா மாத்துற டிஎன்எஸ் சரியா செட் பண்ணிருக்கா, அவங்க நெட்வொர்க்லேருந்து ஸ்பேம் கிளம்புதா, இந்த மாதிரி. வாசல்ல மூணு நாளா கோலம் இல்ல, பேப்பர் குவிஞ்சு கெடக்குது, பால் பாக்கெட் வெயில்ல இருக்குதுன்னா வீட்டுல ஆள் இல்லன்னு தெருவுல போறவனுக்கே தெரியும்ல, அதே கதைதான். இத வச்சு எந்த கம்பெனில டேட்டா திருட்டு நடக்கும்னு கணிச்சதுல, நடந்ததுல 90 சதவீதத்த சரியா புடிச்சாங்க, நடக்காததுல 10 சதவீதத்த தப்பா சுட்டிக் காட்டுனாங்க. அந்த டீம் ஆரம்பிச்ச கம்பெனிய 2016-ல ஃபைக்கோ வாங்கிடுச்சு, அமெரிக்காவுல கடன் வாங்குறவனுக்கு மார்க் போடுற அதே ஃபைக்கோ.

90 சதவீதம்னதும் ஆஹான்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா ஒரு நிமிஷம் நிறுத்தி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு பேச்சுக்கு 1000 கம்பெனி இருக்கு, வருஷத்துல 20 கம்பெனில நிஜமா திருட்டு நடக்கும்னு வச்சுக்குவோம். இந்த முறை அந்த 20-ல 18-ஐ புடிச்சுடும். மிச்சம் 980 நல்ல கம்பெனில 98-ஐயும் சேத்து "ஆபத்து"ன்னு சொல்லிடும். ஆக மொத்தம் 116 கம்பெனி பேரு லிஸ்ட்ல, அதுல நிஜம் 18 தான், அதாவது நூத்துக்குப் பதினஞ்சு பதினாறு. உங்க கம்பெனி பேரு அந்த லிஸ்ட்ல இருந்தாக்கூட ஒண்ணும் நடக்காம போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். அப்போ எதுக்கு இதுன்னா, ஒண்ணும் தெரியாதப்ப 2 சதவீதமா இருந்தது இப்போ 15-ஐ தாண்டிடுச்சு, ஏழு மடங்குக்கு மேல. இன்சூரன்ஸ்காரனுக்கு இது தங்கச் சுரங்கம். கெட்ட விஷயம் அபூர்வமா நடக்குதுன்னா எவ்ளோ நல்ல கருவியா இருந்தாலும் பொய் அலாரம்தான் அதிகமா அடிக்கும், நைட் ஷிப்ட்ல உக்காந்து பாத்தவனுக்கு இத யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதே இல்ல.

அடுத்தது எந்த ஓட்டை வழியா வருவான். சாஃப்ட்வேர்ல கண்டுபிடிக்கிற ஓட்டைக்கெல்லாம் சிவிஇன்னு ஒரு நம்பர் குடுப்பாங்க, 1999-லேருந்து நடக்குது, 2024-ல மட்டும் சுமார் 40,000 நம்பர். ஒரு நாளைக்கு நூத்துக்கு மேல. எந்த கம்பெனியும் எல்லாத்தையும் பேட்ச் பண்ணி, அதாவது ஓட்டைய அடைச்சு, முடிக்காது. பெரும்பாலான இடத்துல என்ன பண்றாங்கன்னா சிவிஎஸ்எஸ்னு 10-க்கு மார்க் போடுற முறை இருக்கு, அதுல 9-க்கு மேல இருக்குறத முதல்ல அடைங்கன்னு ஒரு எக்ஸல் வரும், ஆடிட்டுக்கு முந்தின வாரம் எல்லாரும் அலறிக்கிட்டு ஓடுவாங்க. இந்த எக்ஸல் மேல எனக்கு தனிப்பட்ட முறையிலயே கோவம் உண்டு. ஏன்னா அந்த மார்க்கு சொல்றது நடந்தா எவ்ளோ மோசம்ங்கிறத, நடக்குமாங்கிறத இல்ல. விண்கல் வந்து விழுந்தாலும் 10-க்கு 10 தான், அதுக்காக ஹெல்மெட் போட்டுட்டா தூங்குறோம்? இதுவரைக்கும் ஆய்வு பண்ணதுல, வெளியான ஓட்டைகள்ல நூத்துக்கு 5, 6 தான் நிஜமா எவனாவது தாக்குறதுக்குப் பயன்படுத்தியிருக்கான்.

அந்த 5, 6 எதுன்னு சொல்றதுக்குத்தான் இபிஎஸ்எஸ்னு ஒண்ணு வந்துச்சு, ஃபர்ஸ்ட்ங்கிற சர்வதேச அமைப்பு நடத்துது, 2021-லேருந்து யார் வேணா இலவசமா பாக்கலாம். ஒவ்வொரு ஓட்டைக்கும் தினமும் ஒரு எண் குடுக்கும், 0-லேருந்து 1 வரைக்கும், அடுத்த 30 நாள்ல உலகத்துல எங்கயாவது இத வச்சு தாக்குதல் முயற்சி நடக்குறதுக்கு என்ன வாய்ப்புன்னு அர்த்தம். எப்படி சொல்லுதுன்னா, தாக்குறதுக்கான ரெடிமேட் கோட், கோட பொதுவுல போட்டு வைக்கிற கிட்ஹப்ல கெடக்கா, மெட்டாஸ்ப்ளாய்ட் மாதிரி தாக்கிப் பாக்குற டூல்ல சேத்துட்டாங்களா, யார் பண்ண சாஃப்ட்வேர், ஓட்டை வெளியாகி எத்தன நாள் ஆச்சு, எத்தன பேர் பேசுறாங்க, இப்படி ஆயிரத்துக்கு மேல சங்கதி, அதுங்கள நிஜமா நடந்த தாக்குதல் பதிவுங்களோட ஒப்பிட்டு மிஷின் லேர்னிங் பழகிக்குது. ரெடிமேட் கோட் வெளிய வந்தா எண் சர்ருனு ஏறும்.

ஏன் ஏறுதுன்னு புரிய 2017-ஐ பாத்தா போதும். மார்ச் 14 மைக்ரோசாஃப்ட் விண்டோஸ்ல ஒரு ஓட்டைக்கு பேட்ச் விட்டாங்க. ஏப்ரல் 14 அதத் தாக்குற டூல் திருட்டுத்தனமா வெளிய வந்துச்சு, அமெரிக்க உளவு அமைப்புகிட்டேருந்து போனதுன்னு சொல்வாங்க. மே 12 அந்த டூல வச்சு வான்னாக்ரைங்கிற ரேன்சம்வேர் உலகம் பூரா பரவுச்சு. பேட்ச் வந்து 59 நாள், டூல் வந்து 28 நாள். அந்த 28 நாள்ல எவனாவது "இது வரும்"னு சொல்லியிருந்தா அது ஜோசியம் இல்ல, வெறும் பாக்குற வேலை.

இங்க ஒரு சிக்கல் இருக்கு. இபிஎஸ்எஸ் சொல்றது உலகத்துக்கு, உங்களுக்கு இல்ல. ரோடு மேல இருக்குற வீடு மாதிரி நேரா இன்டர்நெட்ல நிக்குற சர்வர்ல 0.3-ன்னா அலறணும், நெட்டே இல்லாத லேத் மெஷின் கன்ட்ரோலர்ல அதே 0.3-ன்னா டீ குடிச்சுட்டு வந்து பாக்கலாம். இன்னொண்ணு, சின்ன எண்ண பாத்து ஏமாறக் கூடாது. 1 சதவீதம்தானேன்னு 300 ஓட்டைய அப்படியே விட்டா, ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தமில்லன்னு வச்சுக்கிட்டா, 0.99-ஐ 300 தடவ பெருக்குங்க, 0.05 கூட வராது. அதாவது அதுல ஏதோ ஒண்ணையாவது எவனாவது பயன்படுத்துறதுக்கு 95 சதவீதம் வாய்ப்பு.

எப்போ வருவான்ங்கிறது எங்க ஆளுங்க கண்டிப்பா பாக்குற விஷயம். லீவு. 2016-ல வங்கதேச மத்திய வங்கிப் பணத்த அடிச்சவனுங்க பிப்ரவரி 4 வியாழன் ராத்திரி ஆரம்பிச்சானுங்க, வெள்ளி அங்க வார விடுமுறை, சனி ஞாயிறு பணம் இருந்த நியூயார்க்ல லீவு, திங்கள் பணம் போய்ச் சேந்த பிலிப்பைன்ஸ்ல சீனப் புத்தாண்டு லீவு. நாள் பாத்து பண்ணிருக்கானுங்க, நம்ம கல்யாணத்துக்குக் கூட இவ்ளோ கரெக்டா முகூர்த்தம் குறிக்க மாட்டாங்க. நம்ம ஊர்லயும் ஜூலைல வருமான வரி ரீஃபண்ட் மெயில், "இன்னிக்கு ராத்திரி கரன்ட் கட்"னு ஈபி மெசேஜ், எல்லாம் சீசன் பாத்துதான் வருது. பொங்கலுக்கு நாலு நாள் பட்டறை பூட்டியிருக்கும்ல, அத நான் குறிச்சு வச்சுக்கிட்டேன்.

அப்புறம் எல்லாருக்கும் வர்ற தாக்குதல், உங்களுக்குன்னே வர்ற தாக்குதல்னு ரெண்டு இருக்கு. கூடங்குளத்துல 2019-ல அணுமின் நிலையத்தோட நிர்வாக நெட்வொர்க்குல மால்வேர்ங்கிற கெடுதல் சாஃப்ட்வேர் இருந்தத அரசு நிறுவனமே ஒத்துக்கிச்சு, அந்த மாதிரி இடத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் பாதிதான் உதவும், ஏன்னா அங்க ஒருத்தன் அந்த இடம்தான் வேணும்னு வர்றான், ஒரு கதவு பூட்டியிருந்தா அடுத்தத பாப்பான். மழை நம்ம குடைய பாத்து ரூட்ட மாத்தாது, இவன் மாத்துவான். பட்டறைக்கு அந்தப் பயம் வேணாம். பட்டறைக்கு வேற பயம்: சப்ளையர் பேர்ல போலி மெயில் அனுப்பி "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு, இனிமே இதுல போடுங்க"ங்கிறது. 2023-ல அமெரிக்க எஃப்பிஐ-க்கு வந்த புகார்கள்ல இந்த வகை மெயில் மோசடில மட்டும் போன பணம் 290 கோடி டாலர், ரேன்சம்வேர் கணக்கு 6 கோடி டாலர் கூட வரல. ரேன்சம்வேர்ல மாட்டுனவன் நிறைய பேர் வெளிய சொல்ல மாட்டான், அதையும் மனசுல வச்சுக்கணும், ஆனாலும் நியூஸ்ல வர்றது ஒண்ணு, பணம் போற வழி இன்னொண்ணு.

கணிக்கிறது ஈசி, கணிச்சது சரியான்னு திரும்பிப் பாக்குறதத்தான் யாரும் பண்றதில்ல. வானிலை ஆளுங்களுக்கு 1950-லயே பிரியர்னு ஒருத்தர் வழி சொல்லிட்டாரு. நீ சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததுக்கும் உள்ள வித்தியாசத்த ஸ்கொயர் பண்ணு, நடந்தா 1, நடக்கலன்னா 0. 80 சதவீதம்னு சொல்லி நடந்துச்சா, 0.04. 10 சதவீதம்னு சொல்லி நடந்துச்சா, 0.81, மானம் போச்சு. கம்மியா இருந்தா நல்லது. "எச்சரிக்கையா இருங்க, எது வேணா நடக்கலாம்"னு ஸ்லைடு போட்டு காசு வாங்குறவங்கள இந்த ஸ்கோர் கிட்டயே சேக்காது, ஏன்னா அவங்க எண்ணே சொல்றதில்ல.

நான் ஒரு ஷீட் வச்சிருக்கேன். அண்ணன் பட்டறைக்குன்னு ரெண்டு வரி எழுதுனேன். ஒண்ணு, ரிமோட் டெஸ்க்டாப் வழியா பொங்கலுக்குள்ள எவனாவது உள்ள வந்துடுவான், 40 சதவீதம். ரெண்டு, பொங்கலுக்குள்ள போலி பேங்க் மாத்துற மெயில் வரும், 70 சதவீதம். முதல் வரி வீணாப் போச்சு, ஏன்னா மறுவாரமே நான் போய் 3389-ஐ மூடி, அக்காவுக்கு மட்டும் தனி வழி மாதிரி விபிஎன் போட்டுட்டேன், இப்போ எவனும் வரலன்னா நான் தப்பா கணிச்சேனா, இல்ல கணிச்சதாலதான் வரலையா, ஷீட்டுக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது, "ஒண்ணும் நடக்கலையே தம்பி, நீ சும்மா பயமுறுத்துன"ன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு.

முந்தாநேத்து காலைல நான் ஷிப்ட் முடிச்சு தூங்கப் போறப்ப போன். ஸ்டீல் சப்ளையர்கிட்டேருந்து மெயில் வந்திருக்காம், அக்கவுண்ட் நம்பர் மாறிடுச்சாம், ஆவடி அக்கா பணம் போடுறதுக்கு முன்னாடி தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்கன்னாங்களாம். ஃபார்வர்ட் பண்ணச் சொல்லிப் பாத்தேன், அனுப்புன முகவரில ஒரு எழுத்து கூடுதலா இருந்துச்சு. ஷீட்ட தொறந்து ரெண்டாவது வரில 0.09-ன்னு போட்டுட்டு தூங்கிட்டேன்.