சீம் வெல்டு: தையலா, வரியா?

பொறியியல் வரைபடப் பாடத்தைத் தமிழில் தருகிறவர்கள், ‘சீம் வெல்டு’ என்றதும் ‘தையல் பற்றவைப்பு’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொருளே மாறிப்போவதைப் பொறுப்பது எப்படி?

சீம் என்பது பழைய ஆங்கிலச் சொல்; துணியின் இரண்டு விளிம்புகள் சேரும் கோடு. தைப்பதைக் குறிக்கும் ஆங்கில வினையோடு ஒரே வேர். சொல்வரலாறு இவ்வளவே. தகட்டு வேலையில், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தகடுகளைச் சுழலும் செப்புச் சக்கரங்களுக்கு நடுவே அழுத்தி மின்சாரம் பாய்ச்சுவார்கள்; அதுதான் சீம் வெல்டு. உருகி உறையும் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டே போகும். எரிபொருள் தொட்டி கசியாமல் நிற்பது அதனால்தான்.

தையல் என்றால் என்ன கெட்டுவிட்டது என்பார்கள். ‘ஸ்டிச் வெல்டு’ என்று வேறொன்று இருக்கிறதே! அது விட்டுவிட்டு வைப்பது. கசிவைத் தடுக்க ஆகாது. தமிழில் தையல் என்னும் ஒரே சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். சீமுக்கு அதைத் தாரைவார்த்துவிட்டால் ஸ்டிச்சுக்கு என்ன மிச்சம்? தைத்துச் சேர்ப்பதற்கு ‘மூட்டு’ என்ற அருமையான வினை உண்டு. ‘மூட்டின கைலி’ என்று கேட்டுத்தான் இன்றும் வாங்குகிறோம். ஆனால் பொறியியல் பாடத்தில் எந்த இணைப்பும் மூட்டுதான், ஆகவே அதுவும் உதவாது. ‘தொடர் பற்றவைப்பு’ என்பாரும் உண்டு. வரைபடத்தைப் படித்தவர் அப்படிச் சொல்லமாட்டார். அமெரிக்க முறையில், வரைபடத்தில் சீம் வெல்டைக் காட்டும் குறியின் வலப்பக்கம் 50-100 என்றிருந்தால், ஒவ்வொரு துண்டும் 50 மி.மீ. நீளம், நடுவுக்கு நடு 100 மி.மீ. சீமையும் துண்டுதுண்டாக வைக்கலாம் என்றாகிறது.

விடை குறியிலேயே இருக்கிறது. வெறும் வட்டம் ஸ்பாட் வெல்டு. அதைப் புள்ளிப் பற்றவைப்பு என்கிறோம். அதே வட்டத்தின் ஊடே இரண்டு கிடைக்கோடுகள் போனால் சீம். புள்ளி நீண்டால் வரி. ஆகவே ‘வரிப் பற்றவைப்பு’. வருமான வரி நினைவுக்கு வருமே என்று கேட்பவர்கள், வரிக்குதிரையைக் கண்டு பயப்படுகிறவர்களாக இருக்க வேண்டும்.

அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுவதே மொழிபெயர்ப்பு என்றாகிவிட்டது. நிலக்கரி அடுக்குக்கும் ஆங்கிலத்தில் சீம்தான். நல்லவேளை, ‘நிலக்கரித் தையல்’ இன்னும் என் கண்ணில் படவில்லை. அகராதியைவிட வரைபடக் குறியே அதிகம் சொல்லும். குறியின் இடப்பக்க எண் பற்றவைப்பின் அகலம். சக்கர முறையில் தகடுகள் இருபுறமும் அழுத்தப்படுவதால், வட்டம், குறியைத் தாங்கும் கிடைக்கோடான குறிப்புக் கோட்டின் நடுவே உட்காரும். அந்தக் கோட்டின் கடைசியில் பிளவுபட்ட வாலில், எந்தப் பற்றவைப்பு முறை என்று எழுதியிருக்கும். பன்னாட்டுத் தர எண்வரிசையில் 22 என்றால் மின்தடை சீம் (மின்சாரம் பாயும்போது எழும் வெப்பத்தால் பற்றவைப்பது), 21 என்றால் ஸ்பாட். மொழிபெயர்க்க உட்காருகிறவர் இவ்வளவையும் ஒருமுறை பார்த்துவிட்டு உட்காரட்டும்.