மீநாயகன்: ‘சூப்பர் ஹீரோ’ என்ற சொல்லும் இன்றியமையாத படங்களும்

“மிக முக்கியமான சூப்பர் ஹீரோ படங்கள் எவை?” என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் நீட்டுவார்கள். பிடித்த படம், வசூலை அள்ளிய படம், சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்த படம் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். சூப்பர் ஹீரோ என்றால் யார், முக்கியம் என்றால் என்ன என்று முதலில் தெளிந்துகொண்டால் இந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

‘சூப்பர்’ இலத்தீன் சொல். மேலே, அப்பால் என்பது அதன் பொருள். கிரேக்கத்தின் ‘ஹைப்பர்’, வடமொழியின் ‘உபரி’ இரண்டும் இதற்கு உறவுச் சொற்கள். நாம் பேச்சில் ‘சூப்பர்’ என்றால் அருமை என்றுதான் பொருள் கொள்கிறோம். அந்தப் பழக்கத்தால் மூலப்பொருள் மங்கிப்போனது. ‘சூப்பர் பாட்டு’ என்பதிலுள்ள சூப்பர் பாராட்டு. ‘சூப்பர் ஹீரோ’வில் உள்ளது பாராட்டு அல்ல, அளவு: மனித எல்லைக்கு மேலே என்பது.

‘ஹீரோ’வின் பயணம் இன்னும் சுவையானது. கிரேக்கத்தில் ‘ஹீரோஸ்’ என்பது ஹோமரின் காப்பியங்களில் போர்க்களத்துப் பெருமக்களைக் குறித்தது. கிரேக்கக் கவிஞர் ஹெசியட் மனித இனங்களை வரிசைப்படுத்தும்போது இவர்களை நான்காம் இனமாக வைத்து, அரைத் தெய்வங்கள் என்கிறார். ஆக, பிறக்கும்போதே மனிதனுக்கு ஒரு படி மேலே நின்ற சொல் இது. பிறகு படிப்படியாக இறங்கியது. துணிச்சல்காரர் எவரும் ஹீரோ ஆனார். 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஆங்கிலத்தில் கதையின் முதன்மைப் பாத்திரத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. அவர் கோழையாக இருந்தாலும் ஹீரோதான். இப்படி இறங்கிவந்த சொல்லை மறுபடி மேலே ஏற்றப் போட்ட ஏணிதான் ‘சூப்பர்’.

சூப்பர்மேனால் பிறந்த சொல் இது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 20ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள்ளேயே ‘சூப்பர் ஹீரோ’ ஆங்கில அச்சில் இருக்கிறது. ‘சூப்பர்மேன்’ என்ற சொல்லுக்கும் முன்கதை உண்டு. தத்துவஞானி நீட்சே 1880களில் எழுதிய ‘ஊபர்மென்ஷ்’ என்ற ஜெர்மன் சொல்லை, பெர்னார்ட் ஷா 1903இல் தன் நாடகத் தலைப்பில் ‘சூப்பர்மேன்’ என்று ஆங்கிலத்தில் பரப்பினார். சித்திரக்கதைப் படைப்பாளிகள் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938இல் அந்தப் பெயருக்கு நீல உடையும் சிவப்பு மேலங்கியும் போட்டு உலவவிட்ட பிறகுதான் ‘சூப்பர் ஹீரோ’ ஒரு கதைவகையின் பெயராக நிலைத்தது. இந்தச் சொல்லை மார்வெல், டிசி ஆகிய இரு அமெரிக்கச் சித்திரக்கதை நிறுவனங்களும் கூட்டு வணிகக்குறியாகப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தன. 2024 செப்டம்பரில்தான் அமெரிக்காவில் அந்தப் பதிவு ரத்தானது. ஊரெல்லாம் பேசும் சொல்லுக்கு இருவர் உரிமை கொண்டாடியது எனக்கு என்றுமே உறுத்தலாக இருந்தது. ரத்தானதில் உண்மையாகவே மகிழ்ச்சி.

இனி தமிழ்ச் சொல். ‘மாவீரன்’ என்று எழுதுவோர் பலர். ஆனால் அலெக்சாண்டரும் மாவீரன்தான், நெப்போலியனும் மாவீரன்தான், இருவரும் பறக்கவில்லை. ‘அதிமனிதன்’ நீட்சேயின் சொல்லுக்கு ஏற்கெனவே போய்விட்டது. ‘சாகச நாயகன்’ என்றால் மலையேறுபவரும் அதில் அடங்கிவிடுவார். தமிழ்ச் சித்திரக்கதை வெளியீடான முத்து காமிக்ஸ் வேறு வழியில் போனது. ஒரு விபத்தில் கையிழந்து எஃகுக் கை பொருத்தப்பட்டவன், மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து அந்தக் கை மட்டும் தெரிய நடமாடும் பிரிட்டிஷ் கதை, தமிழில் ‘இரும்புக்கை மாயாவி’ ஆனது. இரண்டே சொல்லில் ஆளே கண்முன் வந்துவிடுகிறான். ஆனால் அது தனிப்பெயர்; வகைப்பெயர் ஆகாது.

என் தேர்வு ‘மீநாயகன்’. ‘மீ’ என்றால் மேல், உயர்வு. நாம் தினமும் சொல்லும் ‘மீது’ இதன் கிளைதான். ‘மீக்கூறும் மன்னன் நிலம்’ என்கிறது குறள். உயர்த்திச் சொல்லும் என்று பொருள். நன்னூல் உரைகள் மீகண், மீக்கூற்று, மீந்தோல் என்று எடுத்துக்காட்டுகின்றன. அறிவியல் தமிழில் மீயொலியும் மீக்கடத்தியும் வந்து உட்கார்ந்துவிட்டன. இலத்தீன் ‘சூப்பர்’ செய்யும் வேலையை இந்த ஓரெழுத்து அப்படியே செய்கிறது. ‘நாயகன்’ வடமொழி வழி வந்ததுதான். நடத்திச் செல்பவன் என்பது வேர்ப்பொருள். ‘தலைவன்’ என்று மாற்றலாமே என்பார்கள். இன்று தலைவன் என்றால் மேடையும் மாலையும்தான் நினைவுக்கு வரும். கதையின் முதன்மைப் பாத்திரம் என்ற பொருளை நாயகன்தான் சுமக்கிறது. மீநாயகி, மீநாயகர் என்று இயல்பாகவும் விரிகிறது.

‘மீத்திறன் நாயகன்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. பேட்மேனுக்கும் அயர்ன் மேனுக்கும் பிறவியில் வந்த மீத்திறன் கிடையாது. பணம், அறிவு, கருவி, பிடிவாதம் இவைதான். ‘மீ’ திறனோடு ஒட்டினால் இவர்கள் வெளியே போய்விடுவார்கள். நாயகனோடு ஒட்டினால் உள்ளே வருவார்கள்.

அடுத்து ‘முக்கியம்’. முகம் என்பதிலிருந்து வந்த வடசொல். முகப்பில் நிற்பது, முதலில் கண்ணில் படுவது. வசூல் பட்டியலின் முகப்பில் நிற்கும் படம் இந்தப் பொருளில் முக்கியமானதுதான். ஆனால் தமிழில் இதைவிடக் கூர்மையான சொல் இருக்கிறது: இன்றியமையாதது. ‘நீரின்று அமையாது உலகெனின்’ என்ற குறளிலேயே அதன் இலக்கணம் முழுதும் இருக்கிறது. எது இல்லாவிட்டால் மற்றவை அமையாதோ அது. இந்தச் சொல்லை வைத்து அளந்து பாருங்கள், பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும்.

1941இல் வந்த ‘அட்வெஞ்சர்ஸ் ஆஃப் கேப்டன் மார்வெல்’ 12 பகுதித் தொடர்படம். கம்பியில் ஓர் ஆளுயரப் பொம்மையைச் சறுக்கவிட்டுப் பறக்க வைத்தார்கள். சித்திரக்கதையின் மீநாயகன் திரைக்கு வந்த தொடக்கம் அது. ஆனால் 1978இன் ‘சூப்பர்மேன்’ இல்லாமல் இந்த வகை அமைந்திருக்காது என்பேன். ‘மனிதன் பறப்பான் என்று நம்புவீர்கள்’ என்பது அதன் விளம்பர வாசகம். படப்பிடிப்புக் கருவியிலும் பின்னணிக் காட்சியைத் திரையில் வீழ்த்தும் கருவியிலும் ஒரே நேரத்தில் இயங்கும் ஜூம் வில்லைகளைப் பொருத்தி, கிறிஸ்டோபர் ரீவ் நம்மை நோக்கிப் பறந்து வருவதாகக் காட்டினார்கள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காட்சி ஒன்று உண்டு. உடன் பணிபுரியும் லோயிஸ் வேறு அறையில் இருக்கிறாள். சூப்பர்மேனின் சாதாரண வேடமான கிளார்க் மெல்லக் கண்ணாடியைக் கழற்றுகிறான். கூன் நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் கனக்கிறது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுக்கிறான். அவள் வந்ததும் துணிவு போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழையபடி கூனிக்கொள்கிறான். வெட்டும் இல்லை, வித்தையும் இல்லை. ‘நாயகன்’ என்பதற்கும் ‘மீநாயகன்’ என்பதற்கும் இடையிலுள்ள ஓர் எழுத்தை ஒரு நடிகர் முதுகெலும்பாலேயே எழுதிக் காட்டிய இடம் அது.

1998இன் ‘பிளேட்’, 2000இன் ‘எக்ஸ்-மென்’ இரண்டும் அடுத்த கண்ணிகள். 1996இல் திவாலான மார்வெல்லின் பாத்திரங்களுக்குத் திரையில் வாழ்வுண்டு என்று காட்டியவை. ‘எக்ஸ்-மென்’ நாஜி வதைமுகாமின் வாசலில், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படும் சிறுவன் இரும்புக் கதவை வளைப்பதில் தொடங்குகிறது. மீத்திறனைத் துயரத்தின் பிள்ளையாகக் காட்டிய துணிவு அது.

2008 இரட்டைப் பேறான ஆண்டு. பேட்மேன் படமான ‘தி டார்க் நைட்’ சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையில் விடுபட்டது பெரிய விவாதமானது. மறு ஆண்டே அந்தப் பிரிவில் 5 இடங்கள் 10 ஆயின. ‘அயர்ன் மேன்’ முடிவில் டோனி ஸ்டார்க் கையிலிருக்கும் குறிப்பு அட்டையை ஒதுக்கிவிட்டு “நான்தான் அயர்ன் மேன்” என்கிறான். ரகசிய அடையாளம் என்ற 70 ஆண்டு மரபு அந்த ஒரு வரியில் உடைந்தது. 2018இன் ‘பிளாக் பேந்தர்’ சிறந்த படப் பரிந்துரை பெற்ற முதல் மீநாயகப் படம்.

‘ஜோக்கர்’ எங்கே என்று கேட்பீர்கள். பேட்மேனின் எதிரியை வைத்து 2019இல் வந்து 11 ஆஸ்கர் பரிந்துரை பெற்ற படம். நல்ல படம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதில் எதிர்நாயகன் மட்டுமே இருக்கிறான். பேட்மேனாகப் போகிறவன் இன்னும் சிறுவன். மீநாயகன் இல்லாத படத்தை மீநாயகப் படம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.