சுருக்குத்தசை: ஸ்பிங்க்டருக்கு நம் சொல்

எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் 'லாக்ஸ் எல்.ஈ.எஸ்.' என்று ஒரு வரி அடிக்கடி வரும். பழைய வண்ணாரப்பேட்டையில் லேப் வாசலிலேயே அதைப் படித்துவிட்டு, புற்றோ என்னவோ என்று முகம் வெளுத்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்றெழுத்தில் கடைசி எழுத்துதான் ஸ்பிங்க்டர். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்திலுள்ள சுருக்குத்தசை தளர்ந்திருக்கிறது என்பதே அந்த வரியின் பொருள்.

ஸ்பிங்க்டர் கிரேக்கச் சொல். 'ஸ்பிங்கைன்' என்றால் இறுக்குதல், இறுகக் கட்டுதல். அதிலிருந்து பிறந்து, லத்தீன் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. தமிழில் 'இறுக்கி' என்று எழுதுபவர்கள் உண்டு. மூலச் சொல்லுக்கு அது நேரான பெயர்ப்பு. பள்ளிப் பாடநூல் படித்தவர்களுக்குப் பழகியது 'சுருக்குத்தசை'. நான் இரண்டாவதின் பக்கம். மரையையும் இறுக்கலாம், கழுத்தையும் இறுக்கலாம். சுருக்கு என்றாலோ, வாயைச் சுற்றி ஓடும் ஒன்று எல்லாப் பக்கமும் சேர்ந்து ஒடுங்குவது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இதை விளக்கவே வேண்டாம். அடிப்பக்கத்து வளையங்களுக்குள் ஓடும் கயிற்றை இழுத்து மூடுகிற வலைக்குச் சுருக்குமடி என்றே பெயர். மீன் விற்கிற அம்மா இடுப்பில் செருகியிருப்பது சுருக்குப்பை. நாடாவை இழுத்தால் துணி மடிப்பு மடிப்பாக நடுவே கூடி, வாய் மூடிக்கொள்ளும்.

ஆனால் பையை ஒரு முறை இழுத்துக் கட்டினால் அப்படியே கிடக்கும். தசைக்கு அந்த வசதி இல்லை. மூடியிருப்பதே அதன் உழைப்பு. நாம் தூங்கும்போதும் அது சுருங்கியே நிற்கிறது. திறக்க வேண்டிய நேரத்தில் மட்டும் தளர்கிறது. ஆகவே கோளாறும் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காதது, விட வேண்டிய நேரத்தில் விடாதது.

எல்.ஈ.எஸ். சுமார் 3–4 செ.மீ. நீளம். விழுங்கும்போது சில நொடி தளர்ந்து, கவளம் இறங்கியதும் மறுபடி சுருங்கும். அது சரியாகப் பிடிக்காவிட்டால் இரைப்பையின் அமிலம் மேலேறும். இதற்கு நம்மிடம் அருமையான ஒரு சொல் இருக்கிறது: எதுக்களித்தல். "துன்ட்டு படுத்தா தொண்ட வரைக்கும் எதுக்களிச்சினு வருது" என்று ஒருவர் சொன்னால் டாக்டருக்குப் பாதி விவரம் கிடைத்துவிட்டது. கொழுப்பு மிகுந்த சாப்பாடு, புகை, மது எல்லாம் இந்தத் தசையைத் தளர்த்தும். ராத்திரி பத்து மணிக்கு வெங்காயம் பொரித்த எண்ணெய் மினுமினுக்கும் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு உடனே பாயில் சாய்வது, அதற்கு நாமே கொடுக்கும் கஷ்டம். படுப்பதற்கு 2–3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிப்பதும், தலைப்பக்கம் கட்டிலை உயர்த்துவதும், இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும். இதே தசை தளர மறுத்தால் சோறும் தண்ணீரும் நெஞ்சிலேயே நிற்கும். அந்த நோய்க்குப் பெயர் அக்கலேசியா. தளராமை என்று பொருள்.

இரைப்பையின் மறுமுனையில் பைலோரஸ் என்ற சுருக்குத்தசை இருக்கிறது. கிரேக்கத்தில் அதற்கு வாயிற்காவலர் என்று பொருள். கூழான உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் விடுவது அதன் வேலை. பித்தமும் கணையநீரும் குடலில் இறங்கும் இடத்திலுள்ள சுருக்குத்தசைக்கு, மாணவராக இருந்தபோதே 1887-இல் அதை விவரித்த இத்தாலியர் ருஜெரோ ஓடியின் பெயர்.

ஆசனவாயில் இரண்டு வளையங்கள். உள்வளையம் நம் பேச்சைக் கேட்காது, தானாகச் சுருங்கியிருக்கும். வெளிவளையம் நம் விருப்பத்துக்கு உட்பட்டது. மலக்குடல் நிறையும்போது உள்வளையம் தானே சற்றுத் தளரும். வந்திருப்பது காற்றா, நீரா, திடமா என்று அங்குள்ள நரம்புகள் அந்தக் கணத்தில் பிரித்தறியும். பஸ்ஸில் நெரிசலில் நிற்கும்போதும் காற்றை மட்டும் விடலாமா என்று நாம் முடிவெடுக்க முடிவது இதனால்தான். உடம்பின் இந்த நுட்பத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. தினமும் அடக்கிப் பழகினால் மலம் உள்ளேயே தங்கி, நீர் உறிஞ்சப்பட்டு, கல்லாகும். சிலருக்கு முக்கும்போது தளர வேண்டிய வெளிவளையம் இன்னும் இறுகும். குந்தி உட்கார்வது வழியை நேராக்கும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் சின்ன முக்காலி போட்டுக்கொள்ளலாம்.

சிறுநீர்ப்பையின் வாயிலும் தானாக இயங்குவது ஒன்று, நாம் இயக்குவது ஒன்று. பெரியவர்களுக்கு 150–200 மி.லி. சேர்ந்ததும் முதல் உணர்வு வரும், 400–500 மி.லி. வரை பை தாங்கும். மீன் ஏலத்துக்கு விடியுமுன் வந்து மதியம் வரை கூடையோடு உட்காரும் பெண்களுக்கு, போக ஒழுங்கான கழிப்பறை இல்லாததால், தண்ணீரே குடிக்காமல் இருப்பது பழக்கமாகிவிடுகிறது. நீர்க்கடுப்பும் தொற்றும் பின்னாலேயே வரும். சித்த மருத்துவம் அடக்கக்கூடாத வேகங்கள், அதாவது உடம்பின் இயல்பான உந்துதல்கள், 14 என்று எண்ணி, மலத்தையும் சிறுநீரையும் அவற்றில் வைத்திருக்கிறது. அடக்காதே என்று சொன்னால் மட்டும் போதாது. போக இடம் வேண்டும். சந்தைக்கு ஒரு சுத்தமான கழிப்பறை என்பது மருத்துவத் தேவை.

"இருமுனா, தும்முனா கொஞ்சம் வந்துடுது நர்ஸம்மா" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் ஆயாக்கள் எத்தனையோ பேர். பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று பல வருடம் துணி மடித்து வைத்துக்கொண்டு வாழ்ந்திருப்பார்கள். பிரசவத்தில் இடுப்புத் தளத் தசைகள் நைந்துபோவது உண்மை; அதற்குப் பயிற்சி இருப்பதும் உண்மை. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் எழுதிய பயிற்சிகள் இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகின்றன. வாயுவை அடக்குவதுபோல் கீழ்த்தசையை உள்ளே இழுத்து 5 நொடி பிடிக்க வேண்டும். பிறகு 5 நொடி முழுதாக விட வேண்டும். வேளைக்கு 10 முறை, நாளுக்கு 3 வேளை. மூச்சை அடக்கக் கூடாது. வயிறும் தொடையும் இறுகக் கூடாது. விடுவதும் பயிற்சியில் பாதி, அதைத் தவறவிடாதீர்கள். பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகும். புராஸ்டேட் ஆபரேஷன் ஆன ஆண்களுக்கும் இதே பயிற்சிதான். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுவது மட்டும் வேண்டாம். பை முழுதாகக் காலியாகாமல் போகும்.

ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. முதுகுவலியோடு தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போய், சிறுநீர் வராமல் நின்றாலோ, தெரியாமல் மலம் போனாலோ, தண்டுவடத்தின் அடியிலுள்ள நரம்புக்கற்றை நசுங்கியிருக்கலாம். எண்ணெய் தேய்த்துப் பார்க்காமல், காலையில் போகலாம் என்று படுக்காமல், அந்த ராத்திரியே ஸ்டான்லி அரசு மருத்துவமனை எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.