சாவியைக் கொடுத்தால் மட்டும் போதாது

காலபோக அறுவடை நேரம். பரந்தன் பக்கம் ஓர் அரிசி ஆலைக்குக் கணக்குப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் பெட்டி நிறைய நெல்லோடு ஓர் உழவு இயந்திரம். முகாமையாளர் ஒரு பிடி அள்ளி ஈரப்பதம் அளந்தார். 14 சதவீதம், நல்ல காய்ச்சல்.

"என்ன விலைக்கு எடுப்பியள் தம்பி?"

"முதலாளி போன் எடுக்கேல்லை ஐயா, கொஞ்சம் பொறுங்கோ."

நெல் கொண்டுவந்த விவசாயி முக்கால் மணித்தியாலம் பொறுத்தார். பிறகு உழவு இயந்திரம் ஏ9 வீதியில் ஏறிப் போய்விட்டது. பின்னேரம் வந்த முதலாளி, "உன்னை நம்பித்தானே விட்டிட்டுப் போனனான்" என்று ஏசினார்.

அந்தத் தம்பியில் பிழையில்லை. நெல் வாங்கும் பொறுப்பு அவருக்கு, விலை சொல்லும் அதிகாரம் முதலாளிக்கு. பிரெஞ்சுப் பொறியியலாளர் ஹென்றி ஃபயோல் 1916இல் வெளியிட்ட 14 முகாமைத்துவக் கோட்பாடுகளில் இரண்டாவதே, இவை இரண்டும் சேர்ந்து இருக்கவேண்டும் என்பதுதான். உயர்தர வணிகக் கல்வியில் எங்கள் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள்.

எங்கள் முதலாளிமாரின் பயமும் எனக்கு விளங்குகிறது. 2009இல் எல்லாவற்றையும் இழந்து, முகாமிலிருந்து திரும்பி, தகரக் கொட்டிலில் தொடங்கியவர்கள் பலர். இன்னொருவர் கையில் விட மனம் வராது.

சரி, அன்றிரவு அந்த முதலாளியோடு இருந்து ஒரு கொப்பித் தாளில் எழுதினோம். காலையில் விலையின் உச்ச எல்லையை அவர் சொல்லிவிடவேண்டும். அதற்குள், ஒரு நாளைக்கு இத்தனை மூடை வரை முகாமையாளரே பேசி முடிப்பார். தாண்டினால் மட்டும் போன். நிறுப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவர். பின்னேரம் நிறுவைத் துண்டுகளோடு கணக்கு ஒப்புவிக்கவேண்டும். இதைத் தரகர்களுக்கும் ஆலை ஆட்களுக்கும் முதலாளியே வாயால் சொல்லவேண்டும் என்று வற்புறுத்தினேன். முகாமையாளர் சொன்ன விலையை விவசாயிக்கு முன்னால் மாற்றக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன். ஒருமுறை மாற்றினாலும், அடுத்த முறை அவரோடு யாரும் விலை பேசமாட்டார்கள்.

ஆனால் வேலையைக் கொடுத்ததும் கடமை தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 சதவீதமும் உங்கள் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு உங்கள் 3 சதவீதமும் அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டப்படவேண்டும். கணக்குப்பிள்ளை மறந்தாலும் மேலதிகக் கட்டணம் உங்கள் தலையில்தான். மாதம் ஒருமுறை, கட்டிய பற்றுச்சீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்.