சரக்கு டிரெய்லருக்குள் வீடு கட்டுகிறீர்களா? பலகை வாங்கும் முன் இதைப் படியுங்கள்

போன செப்டம்பரில் ஒரு தம்பி, "பின்பக்க விளக்கு எரியுதில்லை அண்ணை" என்று சொல்லி ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்தார். கனடாவில் ஸ்காபரோ பக்கம் இருக்கிறார், ஊர் யாழ்ப்பாணம். வெள்ளைப் பெட்டி டிரெய்லர், ஆறடி அகலம், பன்னிரண்டு அடி நீளம், ஒற்றை அச்சு. தோட்டவேலை செய்பவர்கள் புல்வெட்டும் இயந்திரம் ஏற்றிப் போவார்களே, அதேதான். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு வீடு இருந்தது. பைன் பலகைச் சுவர், மடக்குக் கட்டில், கம்பிவலை போட்ட ஜன்னல், கடைசியில் குட்டிச் சமையல் மேடை, அதன்மேல் பளபளவென்று கிரானைட். "எல்லாம் நானேதான் செய்தனான்" என்றார். கைவேலை உண்மையிலேயே அழகு, பொய் சொல்ல மாட்டேன். கிளம்பும்போது போகிறபோக்கில் ஒன்று சொன்னார்: "100-ல போனா கொஞ்சம் ஆடுது, மற்றபடி பிரச்சினை இல்லை."

விளக்குப் பிரச்சினை அரை மணியில் முடிந்தது, எர்த் கம்பி துருப்பிடித்திருந்தது, அவ்வளவுதான். அந்தக் "கொஞ்சம் ஆடுது"தான் என்னை விடவில்லை.

நான் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டிரெய்லர் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். அதற்கு முன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் இருந்தவன். 2020-க்குப் பிறகு இங்கே கேம்பர் (உள்ளேயே சமைத்துத் தூங்கும்படி தொழிற்சாலையில் செய்த வண்டி) விலை ஏறிய ஏற்றத்தில், பழைய சரக்கு டிரெய்லர் ஒன்றை வாங்கி நாமே வீடாக்கிக்கொள்ளலாம் என்று கிளம்பியவர்கள் ஏராளம். 2021-இல் மட்டும் வட அமெரிக்காவில் 6 லட்சத்துக்கு மேல் கேம்பர் வண்டிகள் தொழிற்சாலையை விட்டு வெளியே போயின என்றால் பசி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை, எனக்கே ஒன்று செய்ய ஆசை. ஆனால் என்னிடம் வருபவர்கள் எந்தப் பலகை நல்லது, எந்த வார்னிஷ் அடிக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். எடையையும் காற்றையும் பற்றிக் கேட்டவர் அபூர்வம்.

எடையை முதலில் பேசிவிடுவோம். டிரெய்லரின் முன்பக்க இடது மூலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் மொத்த எடை வரம்பு போட்டிருப்பார்கள், அதாவது பெட்டியும் அதற்குள் இருக்கும் அத்தனையும் சேர்த்து. இந்த ஒற்றை அச்சு டிரெய்லர்களில் பெரும்பாலும் 2,990 பவுண்டு என்று இருக்கும். ஏன் 3,000 இல்லை? ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவைத் தொட்டால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம், 1,360 கிலோ என்பது 2,998 பவுண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்களில் அந்தக் கோடு 3,000-இல் இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு மயிரிழை கீழே நிறுத்தினால் பிரேக் இல்லாமலே விற்கலாம். கீழே இருப்பது 3,500 பவுண்டு தாங்கும் அச்சாகவே இருக்கலாம், அதைப் பார்த்துவிட்டு "அச்சு தாங்கும்" என்று சமாதானம் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. அச்சு தாங்கும் சரி, நிறுத்துவது எது? உங்கள் காரின் பிரேக் மட்டும்தான்.

தம்பியின் கணக்கைப் பாருங்கள். காலிப் பெட்டி 1,200 பவுண்டு. முக்கால் அங்குல ப்ளைவுட் ஒரு ஷீட் 60 பவுண்டுக்குக் குறையாது, பத்து ஷீட் போட்டிருந்தார், 600. சட்டம் அடித்த மரமும் ஆணி, திருகும் 200. ஈயப் பேட்டரி இரண்டு 130. கூரையில் ஏசி 90. இருபது காலன் தண்ணீர்த் தொட்டி, நிரம்பினால் 167. எரிவாயு சிலிண்டர் இரண்டு 75. ஃபிரிட்ஜ், அடுப்பு, மெத்தை 200. கிரானைட், ஆறு சதுர அடிதான், ஆனால் மூன்று சென்டிமீட்டர் கனம், அதுவே நூறைத் தாண்டும். மேலே துணி, அரிசி, நாற்காலி, கிரில், பிள்ளைகளின் சைக்கிள், நம்மவர்கள் கேம்பிங் போனால் ஏற்றும் அந்த இட்லிக் கொப்பரை அளவு பாத்திரங்கள் எல்லாம் சேர்த்து ஒரு 500. லாரிகள் நிற்கும் இடத்து எடைமேடையில் ஏற்றிப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். 3,280.

இது பாதிக் கதை. மீதி, அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்று சொன்னாலே போதும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும், மாடு நடையே மாறிவிடும். டிரெய்லரும் அதேதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்னால் காரோடு மாட்டும் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். தம்பி சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி மூன்றையும் பின்கதவுப் பக்கம் வைத்திருந்தார், கதவைத் திறந்ததும் வெளியே நின்று சமைக்க வசதி என்று. கொக்கியில் விழுந்தது 190 பவுண்டு, ஆறு சதவீதம்கூட இல்லை. ஆடாமல் என்ன செய்யும்? 400-ஆம் நெடுஞ்சாலையில் இறக்கத்தில் ஒரு பெரிய லாரி கடந்து போகும்போது அந்த ஆட்டம் கொஞ்சமாக இருக்காது, வால் நாயை ஆட்டும்.

அப்படி ஆட ஆரம்பித்தால் பலர் செய்வது வேகத்தைக் கூட்டி நேராக்கப் பார்ப்பது, அல்லது பதறிப்போய் பிரேக்கை அழுத்துவது. இரண்டும் வேண்டாம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறைய விடுங்கள். டிரெய்லருக்குத் தனி மின்பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் கொடுக்கலாம். பிறகு ஓரம்கட்டி சாமானை மாற்றி அடுக்குங்கள்.

டயரையும் பார்த்துவிடுங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. ஓடாமல் வெயிலில் நின்ற டிரெய்லர் டயர், தரையைத் தொடும் பட்டன் புதிதாகத் தெரிந்தாலும், ஆறு வயதுக்கு மேல் நம்பத்தக்கது அல்ல. சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 50 மைல் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

சரி, அடுத்தது கதவு. இதைச் சொன்னால் சிரிப்பார்கள், பிறகு முகம் மாறும். சரக்கு டிரெய்லரின் பின்கதவு வெளியிலிருந்து கம்பி போட்டுப் பூட்டுவது, உள்ளே கைப்பிடியே கிடையாது. பக்கக் கதவிலும் பல மாடல்களில் வெளியே ஒரு தாழ்க்கம்பி இருக்கும். அரிசி மூட்டைக்கு உள்ளிருந்து கதவைத் திறக்கும் தேவை இல்லையே. நீங்கள் தூங்கும்போது யாரோ விளையாட்டாக அந்தக் கம்பியைத் தள்ளிவிட்டால், அல்லது கதவுப் பக்கம் இருக்கும் அடுப்பில் தீப்பிடித்தால்? உள்ளிருந்து திறக்கும் பூட்டாக மாற்றுங்கள், கதவுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆள் நுழைந்து வெளியேறும் அளவு ஜன்னல் ஒன்று வையுங்கள். தொழிற்சாலைக் கேம்பர்களுக்கு வட அமெரிக்கத் தரவிதிகள் இரண்டாவது வெளியேறும் வழியைக் கேட்கின்றன. வீட்டில் செய்தவரைக் கேட்க ஆள் இல்லை. ஜன்னலுக்குத் தகரம் வெட்டும்போது உள்ளே நிற்கும் இரும்புச் சட்டத்தை வெட்டிவிடாதீர்கள், பெட்டியை நிறுத்திவைத்திருப்பதே அதுதான்.

இனி காற்று. நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அல்கான்குயின் காட்டுப் பூங்கா பக்கம் செப்டம்பர் கடைசியில் இரவு குளிர் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். பெட்டியோ காற்றுப் புகாத தகரப் பெட்டி, இண்டு இடுக்கையும் நீங்களே பசை வைத்து அடைத்திருக்கிறீர்கள். குளிர் தாங்காமல், சமைத்து முடித்த கரி அடுப்பை "அணைஞ்சுதான் போச்சு" என்று உள்ளே எடுத்து வைக்கிறார்கள். அணைந்ததுபோல் தெரியும் கரிதான் கார்பன் மோனாக்சைடை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண்ணை எரிக்காது. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி, விழித்திருப்பவர் ஜலதோஷம் என்று நினைப்பார், தூங்குபவருக்கு அதுவும் தெரியாது. அமெரிக்காவில் மட்டும், தீ விபத்துக் கணக்கில் சேராமல், ஆண்டுக்கு 400 பேருக்கு மேல் தவறுதலாக இந்த வாயுவால் சாகிறார்கள் என்கிறது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம். கரி, சமையல் அடுப்பு, புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டர், இவை எதையும் எரியவிட்டுத் தூங்காதீர்கள். "ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும்" என்று சில ஹீட்டர்களில் போட்டிருக்கும், அந்தக் கருவி ஆக்சிஜனைத்தான் பார்க்கும், கார்பன் மோனாக்சைடை அளக்காது. ஜெனரேட்டரை 20 அடிக்கு அப்பால் வையுங்கள், புகை உங்கள் ஜன்னலைப் பார்க்காத பக்கமாக.

எச்சரிக்கைக் கருவி மூன்று வேண்டும்: புகைக்கு ஒன்று, கார்பன் மோனாக்சைடுக்கு ஒன்று, எரிவாயுக் கசிவுக்கு ஒன்று. புரொப்பேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும், அதனால் அந்தக் கருவியைத் தரையோரம் மாட்டுங்கள். கூரையில் மாட்டிவிட்டு வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன், கட்டிலில் படுத்தவர் மூக்கு வரை வாயு நிறைந்த பிறகுதான் அது கத்தியிருக்கும். வாயுக் குழாய் இணைப்பை நான் தொடுவதில்லை, இங்கே அதற்குச் சான்றிதழ் பெற்ற ஆள் இருக்கிறார், அவரைக் கூப்பிடுங்கள்.

உயிரை எடுக்காவிட்டாலும் டிரெய்லரைத் தின்றுவிடும் இன்னொன்று ஈரம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும், இது பள்ளிக்கூட வேதியியல் கணக்குதான். இரண்டு பேர் மூச்சில் ஒரு இரவுக்கு அரை லிட்டர் பக்கம் சேரும். அத்தனையும் போய் அப்புவது குளிர்ந்த இரும்புச் சட்டத்தில், நீங்கள் ஆசையாக அடித்த பைன் பலகைக்குப் பின்னால். இரண்டு குளிர்காலம் கழித்துப் பலகையைக் கழற்றினால் கறுப்பாகப் பூசணம், சட்டத்தில் துரு, தரை ப்ளைவுட் விரலால் அழுத்தினால் அமுங்கும். இன்சுலேஷன் அட்டையைச் சட்டங்களுக்கு நடுவில் மட்டும் சொருகாமல் சட்டத்தின் மேலும் மெல்லிதாக ஒரு படலம் போடுங்கள். கூரையில் 14 அங்குலச் சதுரத்தில் மின்விசிறி ஒன்று வைத்து, எதிர் மூலையில் தாழ்வாகக் காற்று நுழைய ஒரு வழி விடுங்கள். குளிர்கிறது என்று அந்த வழியில் துணி அடைத்தால் எல்லாம் வீண்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று அலட்சியம் வேண்டாம், வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். 2,000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மெல்லிய கம்பி போட்டால் அது ஹீட்டர் ஆகிவிடும். ஃபியூஸ் பேட்டரியின் பக்கத்திலேயே இருக்கட்டும், இன்வெர்ட்டர் முனையில் வைத்தால் நடுவில் கம்பி உரசித் தீப்பிடிப்பதை அது தடுக்காது. வீட்டுச் சுவரில் போடும் ஒற்றைத் தண்டுக் கம்பி ஓட்டத்தின் அதிர்வில் முறியும், பல இழைக் கம்பி போடுங்கள். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, அதற்குக் காவல் வைத்த மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

ஓடும்போது பிள்ளைகளைப் பின்னால் கட்டிலில் தூங்கவிடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது, ஒன்டாரியோவில் சட்டப்படியே குற்றம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் உள்ளே அடுப்பும் கட்டிலும் வைத்ததை எழுத்தில் சொல்லிவிடுங்கள். சரக்குப் பெட்டி என்று பதிந்ததற்குள் வீடு எரிந்தால் என்ன பதில் வரும் என்பதைத் தீப்பிடித்த பிறகு தெரிந்துகொள்ள வேண்டாம்.

தம்பி இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வந்தார். கிரானைட் அவர் வீட்டுக் கராஜில் மேசையாகிவிட்டது. தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு முன்னால் நகர்த்தி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்கிறார். ஈயப் பேட்டரி போய் லித்தியம் ஒன்று. எடை 2,840, கொக்கியில் 340. பக்கக் கதவுக்கு உள் கைப்பிடியை நானே மாட்டிக் கொடுத்தேன்.

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அண்ணை, அடுத்த கோடைக்கு அம்மா வாறா. அவவுக்கு உள்ளுக்க ஒரு சின்ன அம்மி வைக்கலாமோ?"

அம்மி எத்தனை பவுண்டு என்று கேட்டேன்.