ஓவியரின் ‘கார்ட்டூன்’ கேலிச்சித்திரமா?

‘கார்தோனே’ என்றால் இத்தாலியத்தில் கனத்த தாள். சுவரோவியம் தீட்டுமுன் அதில் வரைந்த படத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. சொல்லின் பிறப்பு இவ்வளவுதான்; தகராறு தமிழாக்கத்தில்.

லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் அரசியின் உடையணி அறைச் சுவர்களில் ஓவியர் வில்லியம் டைஸ் தீட்டியவை ஆர்தர் அரசரைப் பற்றிய பழங்கதைகள். ஒன்றில் டிரிஸ்ட்ரம் யாழ் மீட்ட, இசோல்ட் கேட்கிறாள்; அந்தக் கதைகளைத் தொகுத்தெழுதிய மாலரியின் நூலில் வரும் காதலர்கள். இப்படிப்பட்ட சுவரோவியத்துக்கு முன்னோடியான கார்ட்டூனைக் ‘கேலிச்சித்திரம்’ என்று எழுதுகிறார்களே, காதலரை யார் கேலி செய்தது?

கேலிப் பொருள் 1843-ல் வந்தது. அதே கட்டடத்தின் சுவரோவியங்களுக்கான போட்டிக் கார்ட்டூன்களை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் காட்சிக்கு வைத்தார்கள். ஊர் பட்டினி கிடக்கையில் இது ஒரு கேடா என்று ‘பஞ்ச்’ என்ற ஆங்கில நகைச்சுவை இதழ், ஓவியர் ஜான் லீச்சின் கிண்டல் படத்தைக் ‘கார்ட்டூன்’ என்றே தலைப்பிட்டு வெளியிட்டது. கிண்டல் நிலைத்துவிட்டது, பழைய பொருள் ஓவியக்கூடத்தோடு நின்றுபோனது.

‘முன்வரைவு’ என்பார் சிலர். பிழையில்லை, போதாது. உள்ளங்கையளவு தாளில் கிறுக்கிய முதல் யோசனையும் முன்வரைவு; ஒரு கையை மட்டும் தனியே வரைந்து பார்த்ததும் முன்வரைவு. கார்ட்டூன் இவையெல்லாம் முடிந்தபின் வருவது. சுவரில் உருவம் எத்தனை அடியோ தாளிலும் அத்தனை அடி. கோடுகளில் ஊசியால் துளையிட்டு, ஈரச் சுண்ணச் சாந்தின்மேல் தாளைப் பொருத்தி, கரித்தூள் கட்டிய மெல்லிய துணிப்பொட்டலத்தால் தட்டினால் புள்ளிகள் இறங்கும். ஆரி வேலைக்காரர்கள் ரவிக்கையில் டிசைன் இறக்குவதும் இப்படித்தான். அல்லது மழுங்கிய முனையால் கோட்டை அழுத்தி ஓட்டினால் சாந்தில் தடம் விழும். ஒரே நாளில் தீட்டி முடிக்கக்கூடிய பரப்புக்கு மட்டும் சாந்து பூசுவார்கள். அளவு பிசகினால் நேற்றைய தோளோடு இன்றைய கழுத்து சேராது. அந்தப் பகுதியைக் கொத்தியெடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். அளவைச் சொல்லாத பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

‘முழுவளவு வரைவு’ என்பதே சரி. அழகு கொஞ்சம் குறைவுதான், ஆனால் படித்ததும் விளங்கும். தனித்தமிழ் என்று புதிதாக ஒன்றைக் கோத்து அதற்கு வேறு விளக்கம் எழுத வேண்டாம்.

ஓவியத்துக்கு முன் வரைந்து பழகும் படமான ‘ஸ்டடி’யை ‘ஆய்வு’ ஆக்குவது இன்னொரு கூத்து. ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் கவிதையை வைத்து ஆங்கில ஓவியர் மில்லே 1849-ல் காட்சிக்கு வைத்த ‘இசபெல்லா’ ஓவியத்துக்கான பென்சில் படத்தை ‘இசபெல்லா ஆய்வு’ என்றால், யாரோ பட்டத்துக்குக் கட்டுரை எழுதியதாகத் தோன்றும். அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டுகிறவர்கள் படத்தை ஒருமுறை பார்த்திருந்தால் ‘பயில்வரைவு’ என்றாவது எழுதியிருப்பார்கள்.